நூறு டன் மாங்காயும் ஒரு மாஸ்டர்ஸ் படிப்பும்

ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவள் என்று சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும். பி.டெக். கடைசி வருடத்துப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளிலிருந்து யாராவது வந்தபடியே இருப்பார்கள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தால், முதல் மடக்குக் குடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: “எவ்வளவும்மா ஆச்சு?” அடுத்தது, “வேலை கிடைக்குமா?” அதற்கடுத்தது, “சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே?” அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் காசுக் கணக்கைத் தாண்டாமல் அங்கே போய்ச் சேர முடியாது. அதனால் காசிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒருமுறை சிறு தொகை கட்ட வேண்டும், அவ்வளவுதான். விதிவிலக்கு உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. மற்றபடி “ஃபீஸே இல்லையாமே” என்று ஊரில் பேசிக்கொள்வது உண்மைதான்.

ஃபீஸ் இல்லையே தவிர, செலவு இருக்கிறது. விசாவுக்கு முன்பே ஒரு வருட வாழ்க்கைச் செலவை ஒரு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அதை பிளாக்டு அக்கவுண்ட் என்பார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. அங்கே போய் இறங்கிய பிறகு மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். அதற்கும் முன்னால், நம் சான்றிதழ்கள் அசல்தான் என்று டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்த ஏ.பி.எஸ். மையம் சரிபார்த்துத் தர வேண்டும். 2022 நவம்பரிலிருந்து அது கட்டாயம். அதற்கு 18,000 ரூபாய்.

ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த 11,904 யூரோ சுமார் 12 லட்சம் ரூபாய் ஆகிறது. இதை நம் மாவட்டத்துக் கணக்கில் சொன்னால்தான் மனதில் பதியும். 2025 கோடையில் தோத்தாபுரி மாங்காய் விலை சரிந்தபோது அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. கூழ்த் தொழிற்சாலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய். அந்த விலைகூட எல்லோர் கைக்கும் வரவில்லை. வந்தது என்றே வைத்தாலும் 12 லட்சத்துக்கு ஒரு லட்சம் கிலோ வேண்டும். நூறு டன்! ஏக்கருக்கு 5 டன் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 20 ஏக்கர் தோப்பின் ஒரு வருட விளைச்சல் மொத்தமும் போகும், உரச்செலவும் பறிகூலியும் கழிக்காமலே. இது முதல் வருடத்துக்கு மட்டும். மாஸ்டர்ஸ் இரண்டு வருடம்.

அதனால் வங்கிக்குப் போகிறோம். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் வேண்டுமென்றால் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ கேட்பார்கள். படிக்கிற காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்று சொல்லும்போது அம்மாக்களுக்கு முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். அக்கா, தவணைதான் இல்லை. பணம் கைமாறிய நாளிலிருந்து வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிந்தால் அந்த வட்டியை மட்டுமாவது மாதாமாதம் கட்டிவிடுங்கள், அசல் வீங்காது.

இந்தக் கணக்கையெல்லாம் சொல்வது பயமுறுத்த இல்லை. பணக்கவலை பிள்ளையின் படிப்புக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று காட்டத்தான். அதை இங்கே யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கன்சல்டன்சிக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள்.

மாஸ்டர்ஸ் என்பது பொதுவாக 120 கிரெடிட், நான்கு செமஸ்டர். செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, ஆய்வகம், நூலகம், அறையில் உட்கார்ந்து போடுகிற கணக்கு எல்லாம் அதில் அடக்கம். பெருக்கிப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 900 மணி நேரம் வரை வரும். ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு 35 மணி நேரம். விடுமுறையே எடுக்காமல் இருந்தால்தான் இந்த 35.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். வருடத்துக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ மாணவர்கள் வேலை பார்க்கலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. குறைந்தபட்சக் கூலி 2025இல் மணிக்கு 12.82 யூரோவாக இருந்தது. வாரம் 20 மணி நேரம் கிடங்கில் பார்சல் பிரித்தால் மாதம் ஆயிரம் யூரோவைத் தாண்டும். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல்! வீட்டில் அப்பா வட்டி கட்டுகிறார் என்று தெரிந்த பிள்ளைக்கு இதைத் தள்ளிவிட மனம் வருமா? வராது. 35உம் 20உம் சேர்ந்து வாரத்துக்கு 55 மணி நேரம். சமைக்கவும் துவைக்கவும் தூங்கவும் மீதியில்தான் நேரம் தேட வேண்டும். எங்கள் வகுப்பில் குண்டூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் இரவு ஷிப்டு முடித்து நேராக எட்டு மணி வகுப்புக்கு வருவான். கைகளில் அட்டைப்பெட்டி கிழித்த கீறல்கள் இருக்கும். முதல் பத்து நிமிடம் குறிப்பெடுப்பான், பிறகு பேனா நகராது. கெட்டிக்காரன். எங்களில் யாரையும்விடக் கணக்கில் வல்லவன்.

அங்கே பேக்லாக் வைத்துக்கொண்டு எத்தனை வருடமும் எழுதலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவது முறையும் தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை அந்த நாட்டில் வேறொரு பல்கலைக்கழகத்திலும் பொதுவாகத் தொடர முடியாது. படிப்பு போனால் விசாவுக்கும் ஆதாரம் போய்விடும். அந்த மணிக்கூலிக்கு எதைப் பணயம் வைக்கிறோம் என்று புரிகிறதா?

நம் பக்கத்துக்கு வெளிநாட்டுப் படிப்பு நேற்று வந்ததில்லை. மூன்று பேரைச் சொல்கிறேன். மூவரும் இந்த மண்ணோடு சேர்ந்தவர்கள்.

சித்தூர் நகரத்துக்குள்ளேயே இருக்கிற கட்டமஞ்சியை எல்லோருக்கும் தெரியும். அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. 1880இல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, 1902இல் அரசாங்க உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். வரலாற்றில் முதல் வகுப்பு வாங்கினார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கேம்பிரிட்ஜ் யூனியன் என்ற விவாத சங்கத்தில் துணைத் தலைவர் ஆனார். கடிதம் ஊர் வந்து சேர வாரக்கணக்காகும் காலம் அது. சித்தூரிலிருந்து போன இருபத்து சொச்சம் வயது இளைஞர், தன் நாட்டை ஆள்கிறவர்களின் பிள்ளைகளுக்கு நடுவே எழுந்து நின்று, அவர்கள் மொழியில் அவர்களோடு வாதாடி, அவர்கள் வாக்கையும் வாங்கியிருக்கிறார். மாலை நேரம் அவருடையதாக இருந்தால்தானே இது முடியும்? உதவித்தொகை அந்த மாலைகளை அவருக்கு வாங்கிக் கொடுத்தது என்றுதான் நான் கணக்கிடுகிறேன்.

திரும்பி வந்து அவர் செய்ததையும் பாருங்கள். பரோடாவிலும் மைசூரிலும் கல்லூரிகளில் பணி. 1914இல் ‘கவித்வ தத்வ விசாரமு’ எழுதினார். பிங்கலி சூரனாவின் ‘கலாபூர்ணோதய’த்தை எடுத்துக்கொண்டு, பழைய காவியம் என்பதற்காகத் தலைவணங்காமல், எது நிற்கிறது எது நிற்கவில்லை என்று காரணத்தோடு எழுதிய நூல். தெலுங்குத் திறனாய்வு அதிலிருந்து புதுப்பாதை எடுத்தது என்பார்கள். பொருளாதாரத்தையும் தெலுங்கில் எழுதினார். 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது முதல் துணைவேந்தரும் அவரே.

இரண்டாமவர் மதனபள்ளியில் 1895இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. பிரம்மஞான சபையார் அவரை அடையாறில் கண்டெடுத்து, 1911இல் இங்கிலாந்து கொண்டுபோனார்கள். ஆக்ஸ்போர்டில் சேர்க்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதினார், தேறவில்லை. கூடவே போன தம்பி நித்யானந்தா தேறிச் சட்டம் படித்தார். கிருஷ்ணமூர்த்திக்குப் பணக்குறை இல்லை, வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அது அவருக்காக வேறு யாரோ தீர்மானித்த படிப்பு. 1929இல், தன்னை உலகாசான் என்று கொண்டாடிய அமைப்பையே அவர் கலைத்தார். மதனபள்ளிக்குப் பக்கத்தில் அவர் எண்ணத்தில் உருவான ரிஷிவேலிப் பள்ளியில், குழந்தைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு மார்க்கால் விரட்டுவதில்லை. இதைப் படிக்கிற அப்பாக்களே, “பக்கத்து வீட்டுப் பையன் போயிட்டான்” என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை அனுப்ப நினைத்தால் கிருஷ்ணமூர்த்தியின் இங்கிலாந்து வருடங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மூன்றாமவர் ராதாகிருஷ்ணன். காந்தி சட்டம் படிக்க பம்பாயில் கப்பலேறியது 1888 செப்டம்பர் 4. அடுத்த நாள் திருத்தணிப் பக்கத்தில் இவர் பிறந்தார். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதிலிருந்து 1960 வரை திருத்தணி நம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். பிறகு வேலூர், பிறகு அதே சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. புத்தகம் வாங்கப் பணமில்லாத நிலையில், உறவினர் படித்து முடித்துத் தந்த தத்துவப் புத்தகங்களால்தான் அந்தப் பாடத்தை எடுத்தார் என்று சொல்வார்கள். படிக்க வெளிநாடு போகவே இல்லை. 1936இல் ஆக்ஸ்போர்டு அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் ரெட்டி விலகியபின் 1931இல் துணைவேந்தராக வந்தவர் இவர்தான். இவர் 1936இல் கிளம்ப, ரெட்டி திரும்ப வந்து 1949 வரை இருந்தார். கேம்பிரிட்ஜ் போய் வந்தவரும் போகாதவரும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

இப்போது யாரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். அங்கே என்ன சொல்லிக் கொடுத்தார்கள்?

பாடம் என்று பார்த்தால் நம் புத்தகத்தில் இருப்பதுதான். அதிர்வியல் சமன்பாடு சித்தூரிலும் நான் படித்த டிரெஸ்டனிலும் ஒன்றே. வித்தியாசம் எங்கே என்றால், எங்கள் முதல் செமஸ்டரில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பேராசிரியர் கரும்பலகை நிறைய ஒரு சமன்பாட்டைத் தருவித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், அந்தத் துறையில் பெயர் பெற்றவர். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கி, “நான்காவது வரியில் குறி தவறு என்று நினைக்கிறேன்” என்றாள். மன்னிப்புக் கேட்கும் குரலும் இல்லை, மடக்கிவிட்ட குரலும் இல்லை. அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து பலகையைப் பார்த்தார். முதல் வரியிலிருந்து உதடு அசையச் சரிபார்த்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு கழித்தலைக் கூட்டலாக்கி, “சரிதான், நன்றி” என்று சொல்லி, அதற்குக் கீழே இருந்த ஐந்து வரிகளையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, கைதட்டவில்லை.

நாங்கள் நான்கைந்து இந்தியப் பிள்ளைகள் கடைசி வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களில் இரண்டு பேருக்கு அந்தக் குறி தவறு என்று முன்னமே தெரியும். சார் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று பதினாறு வருடம் பழகிய வாய் திறக்கவில்லை.

தேர்வும் அப்படித்தான். சில பாடங்களுக்கு வாய்மொழித் தேர்வு. எதிரே பேராசிரியர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர், அரை மணி நேரம். சூத்திரத்தைச் சொன்னால், “ஏன் அப்படி?” என்பார். காரணம் சொன்னால், “அந்த அனுமானம் பொய்த்தால்?” என்பார். தெரியாது என்று சொல்லலாம். “தெரியாது, ஆனால் இப்படிக் கண்டுபிடிக்கப் பார்ப்பேன்” என்று சொன்னால் மதிப்பெண்ணே உண்டு. அவர்கள் கணக்கில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி. மனப்பாடமாக எல்லாம் ஒப்பித்தவர் 3.0 வாங்கி வெளியே வந்து திகைத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். தான் சொன்னதற்குத் தானே பொறுப்பேற்று நிற்பது. எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் காரணத்தை மட்டும் பார்ப்பது. வெளிநாடு எனக்குக் கற்றுத்தந்தது இதுதான். ரெட்டி விவாத மண்டபத்தில் கற்றதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் பழம்பெரும் காவியத்தின் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்க முடியாது.

இதைக் கற்க நேரம் வேண்டும். வகுப்பு முடிந்ததும் மென்சா என்கிற மாணவர் கேன்டீனில் உட்கார்ந்து பேச வேண்டும், நம்மவர் அல்லாதவரோடு. கிடங்கு ஷிப்டுக்கு ஓடுகிற பிள்ளைக்கு அது கிடைக்காது. மீதி நேரத்தில் களைத்துப் போய் நம் பிள்ளைகள் இருக்கும் அறைக்கே திரும்பி, நம் சினிமாவே பார்த்துத் தூங்கிவிடும். இரண்டு வருடம் கழித்துப் பட்டம் கையில் இருக்கும். எதற்காக அவ்வளவு தூரம் போனதோ அது கிடைத்திருக்காது. எனக்கு இதுதான் ஆற்றாமை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்களே. விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை, ஆளுக்கு ஒரு அலமாரி. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி, காய்கறி வாங்கி வைக்காவிட்டால் ரொட்டிதான். புளிக் கரைசலைக் கொதிக்க வைத்தால் கொலம்பியாக்காரி ஓடிவந்து மூடியைத் திறந்து பார்ப்பாள். ஆசியக் கடையில் மாம்பழக் கூழ் டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது சித்தூர் மாவட்ட முகவரி இருந்தது. பறித்து, வேகவைத்து, அடைத்து அனுப்பியது நம் ஆட்கள். அதைத் தயிரில் கலந்து எட்டுப் பேரும் சாப்பிட்டோம். அன்றைக்குத்தான் அவர்களிடம் என் ஊரைப் பற்றி விவரமாகப் பேசினேன்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போய் மாமிசம், மது தொடமாட்டேன் என்று பிள்ளையைச் சத்தியம் பண்ண வைக்கிற வீடுகள் உண்டு. பண்ணுங்கள், தவறில்லை. காந்தியும் அம்மாவிடம் அப்படிச் சொல்லித்தான் போனார். ஆனால் அந்தச் சத்தியம் அவரை அறைக்குள் பூட்டவில்லை. லண்டனில் சைவ உணவகம் தேடி அலைந்து, அங்கத்திய சைவ உணவுச் சங்கத்தில் சேர்ந்து, அதன் செயற்குழுவிலும் உட்கார்ந்தார். வெள்ளைக்காரர்களோடு பொதுக்காரியம் செய்து பழகியது அங்கேதான். விரதம் இருக்கிற பிள்ளை நாலு பேரோடு பழக முடியாது என்று யார் சொன்னது?

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாக. எஃப்-1 விசாவில் படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டுமே வேலை பார்க்கலாம். வெளியே கடையில் நின்றால் விசாவே போகும். படித்து முடித்தபின் 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மேலும் 24 மாதம் வேலைப் பயிற்சி அனுமதி. அதன்பின் எச்-1பி வேலை விசா, வருடத்துக்கு 85,000 இடம், அதுவும் குலுக்கல். எந்த நாடானாலும் மருத்துவம் என்றால் நம் நாட்டின் 2021 நவம்பர் விதியைப் படிக்காமல் முன்பணம் கட்டாதீர்கள். ஆங்கில வழியில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அதே இடத்தில் 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம். இது பொருந்தாத கல்லூரியின் பட்டத்தோடு இங்கே டாக்டராகப் பதிவு செய்ய முடியாது.

பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வது? ராதாகிருஷ்ணன் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. திருப்பதியில் 1954 முதல் வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015இல் ஐ.ஐ.டி.யும் ஐசரும் வந்துவிட்டன. இங்கேயே மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு பி.எச்டி.க்குப் போகலாம். ஜெர்மனியில் ஆராய்ச்சி மாணவர்கள் பலர் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள். அவர்களுக்குச் சம்பளம் உண்டு. டாட் என்கிற ஜெர்மன் அமைப்பின் உதவித்தொகைகளும் உண்டு. பத்திரத்தை வங்கியில் வைக்காமலே போகலாம். இரண்டு வருடம் தாமதமானாலும் இதுவே நல்லது என்பது என் முடிவு.

மாஸ்டர்ஸ்தான் என்று தீர்மானித்துவிட்டால் முதல் வருடச் செலவை முழுதாகக் கையில் கொடுத்து அனுப்புங்கள். முடியவில்லை என்றால் பிள்ளை ஒரு வருடம் பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துச் சேர்க்கட்டும். விண்ணப்பம் அடுத்த வருடமும் போடலாம். போன பிறகு முதல் செமஸ்டர் முடியும்வரை “பார்ட் டைம் கிடைச்சுதா?” என்று போனில் கேட்காதீர்கள். “இன்னைக்கு கிளாஸ்ல என்ன கேள்வி கேட்டே?” என்று கேளுங்கள்.